மீதி இருக்கும் காற்று யாருடையது?



ஒரு நாளைக்கு நாம எத்தனை கட்டைவிரல் அனுப்புறோம்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? குரூப்புல ஒரு செய்தி வந்தா ஒரு கட்டைவிரல். "நாளைக்குப் பேசலாம்"னா ஒரு கட்டைவிரல். சில சமயம் படிக்காமலே ஒரு கட்டைவிரல். நமக்கு அது "சரி, நல்லது".

கடலுக்கு அடியில் அதே கட்டைவிரலுக்கு அர்த்தம் வேறு. ஸ்கூபா டைவிங்கில் கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டினால் "மேலே போகணும், இந்த டைவ் முடிந்தது" என்று பொருள். "நல்லா இருக்கேன்" என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டைவிரலுக்கு ஒரு சட்டம் உண்டு. ஜோடியாக இறங்கிய இருவரில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் அதைக் காட்டலாம். ஒருவர் காட்டிவிட்டால் மற்றவரும் கிளம்பிவிட வேண்டும். தண்ணீருக்குள் "ஏன்?" என்ற கேள்வி கிடையாது. மேலே வந்த பிறகு குறை சொல்வதும் கிடையாது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. என் டேங்கில் காற்று நிறைய இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது. லீவு போட்டு, காசு சேர்த்து, விமானம் ஏறி வந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று குறைந்துவிட்டது என்பதற்காக நானும் ஏன் திரும்ப வேண்டும்? அது நியாயமா? திரும்பினால் அது நான் செய்யும் உதவியா, தியாகமா, இல்லை வெறும் கடமையா? அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

கடலில் இறங்காதவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

முதுகில் மாட்டியிருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பொழுதுபோக்கு டைவிங்கில் பெரும்பாலும் அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கிற இதே சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, அழுத்தி அடைத்து வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் கிடைக்கும் அலுமினிய டேங்கின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால், வெளியே திறந்துவிட்டால் ஏறக்குறைய 2,200 லிட்டர் ஆகும் காற்று அதற்குள் இருக்கும்.

கரையில் உட்கார்ந்துகொண்டு நிமிடத்துக்கு 15 லிட்டர் என்ற கணக்கில் மூச்சு விட்டால் அந்த டேங்க் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். தண்ணீருக்குள் கதை வேற. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. 1943-ல் பிரான்சில் ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் உருவாக்கிய ரெகுலேட்டர், சுற்றியிருக்கும் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில்தான் காற்றைத் தரும். அப்போதுதான் நெஞ்சு விரியும். அதனால் 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மூச்சின் காற்று போகிறது. அதே டேங்க் அங்கே 50 நிமிடம்கூடத் தாங்காது. அதிலும் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்ச முடியாது. மேலே வரும்போது குறைந்தது 50 பார் மீதி இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எல்லோரும் ஒரே அளவு மூச்சு விடுவதில்லை. ஒருவர் நிமிடத்துக்கு 13 லிட்டர், இன்னொருவர் 17 லிட்டர், மற்றொருவர் 20-க்கு மேல். ஆள் பெரிய உடம்பாக இருக்கலாம். குளிராக இருக்கலாம். கொஞ்சம் பயம் இருக்கலாம். இறங்கிய டைவ்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். இதில் பயிற்சியால் குறையக்கூடியது கொஞ்சம் உண்டு, பிறவியிலேயே வந்தது கொஞ்சம் உண்டு. எதுவுமே ஒழுக்கக் குறைவு இல்லை. "நீ ஏன் இவ்வளவு மூச்சு விடுற?" என்று யாரையும் திட்ட முடியாது.

ஆனால் விளைவு ஒன்றுதான். ஒரே டேங்க், ஒரே ஆழம், ஒரே பாதை. ஒருவருக்கு முதலில் தீரும். பெரும்பாலும் அதே ஒருவருக்குத்தான், ஒவ்வொரு தடவையும்.

துலாம்பென் கரையிலிருந்து

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில், ஆகுங் எரிமலையின் அடிவாரத்தில் துலாம்பென் என்று ஒரு கிராமம். கடற்கரையில் மணலைவிட எரிமலையிலிருந்து வந்த கறுப்புக் கூழாங்கற்கள்தான் அதிகம். அங்கே கரையிலிருந்தே நடந்து போய் டைவ் செய்யலாம், படகு வேண்டாம். கரையிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில், தண்ணீருக்குள் ஒரு பெரிய கப்பல் சாய்ந்து கிடக்கிறது. பெயர் லிபர்ட்டி.

அந்தக் கப்பலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1918-ல் அமெரிக்காவில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரி 11 அன்று, லொம்போக் நீரிணைப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட டார்ப்பிடோ அதைத் தாக்கியது. ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் சேர்ந்து அதை சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. சிங்கராஜா வரை தாங்காது என்று தெரிந்ததும், சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அது கரையிலேயே கிடந்தது. 1963-ல் ஆகுங் வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில் நகர்ந்து கடலுக்குள் சரிந்தது. இன்று அதன் மேல் பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்தில், கீழ்ப் பகுதி 30 மீட்டருக்குப் பக்கத்தில். நீளம் 120 மீட்டர் அளவுக்கு. உடம்பு முழுக்கப் பவளம், மீன்.

நானும் என் கல்லூரி நண்பனும் அங்கே போயிருந்தோம். முதல் டைவை உள்ளூர் வழிகாட்டியோடு செய்துவிட்டு, மறுநாள் காலையில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். அந்த ஊர்ப் பெண்கள் 15 கிலோவுக்கு மேல் கனக்கிற டேங்கைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கற்கள் மேல் சர்வ சாதாரணமாக நடந்து போவார்கள். நாங்கள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே போனோம். அலை வரும்போது கால் அடியில் கல் உருளும். ஒருவர் துடுப்பை மாட்டும்போது மற்றவர் தூண் மாதிரி நிற்க வேண்டும். கரை டைவில் நட்பு தண்ணீருக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது.

கரையிலிருந்து இறங்குவதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. படகில் போனால், நீங்கள் எங்கே மேலே வந்தாலும் படகு தேடி வந்து ஏற்றிக்கொள்ளலாம். இங்கே போன தூரம் முழுவதையும் நீங்களேதான் திரும்பி வர வேண்டும். அதனால் எங்கே திரும்புவது என்பதைக் கரையிலேயே பேசி முடிவு செய்தோம். இருவரில் யாராவது ஒருவர் 120 பாரைத் தொட்டால் திரும்புவது. கரையேறும்போது இருவரிடமும் 50 பாருக்குக் குறையாமல் இருப்பது. அவனுடைய மஞ்சள் நிற உபரி வாய்க்குழாய் எங்கே மாட்டியிருக்கிறது என்று நான் தொட்டுப் பார்த்தேன், என்னுடையதை அவன் தொட்டுப் பார்த்தான்.

அந்த டைவ் அருமையாக இருந்தது. மணலில் புல் மாதிரி ஆடிக்கொண்டிருந்த விலாங்குகள், நாங்கள் கிட்டே போனதும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. கப்பல் பக்கம் வெள்ளிக் காசு கொட்டிய மாதிரி பாறை மீன் கூட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே காலை வெயில் கோடு கோடாக இறங்கியது. ஆழமான முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். 22 நிமிடம் தாண்டியதும் நான் "எவ்வளவு?" என்று சைகையில் கேட்டேன். பேசி வைத்த விரல் கணக்கில் 120 என்று காட்டினான். என் கேஜில் ஏறக்குறைய 140. கப்பலின் அந்தக் கடைசி முனை எதிரிலேயே நிழலாகத் தெரிந்தது. திரும்பினோம். ஆழம் குறைவான பக்கமாக மெதுவாக, பவளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். 5 மீட்டரில் 3 நிமிடம் வழக்கமான நிறுத்தம். மொத்தம் 51 நிமிடம். கரையேறும்போது அவனிடம் 50. என்னிடம் சுமார் 85.

கல்லில் உட்கார்ந்து துடுப்பைக் கழற்றும்போது அவன் சொன்னான்: "சாரி மச்சான். என்னாலதான் உனக்கு அந்த முனை மிஸ் ஆயிடுச்சு."

"அட விடுடா" என்றேன். அது வாய்க்கு வந்த பதில். உண்மையான பதில் என்ன என்று அப்புறம் ரொம்ப நாள் யோசித்தேன். எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன.

மொய்க் கணக்கு

முதல் பதில்: இது கொடுக்கல் வாங்கல். இன்று அவனுக்காக நான் திரும்பினேன், நாளைக்கு எனக்காக அவன் திரும்புவான். மொய் நோட்டு மாதிரி. எழுதி வைத்துக்கொண்டால் ஒரு நாள் சரியாகிவிடும்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்கும் காதில் வலி வரலாம், தசை பிடிக்கலாம், காரணமே இல்லாமல் மனசு படபடக்கலாம். அன்றைக்கு அவன் திரும்புவான்.

ஆனால் காற்றுக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த மொய் சரியாகவே ஆகாது. என்னைவிட அவனுக்கு மூச்சு அதிகம் போகிறது. பத்து தடவை இறங்கினால் ஒன்பது தடவை அவன்தான் முதலில் 120-ஐத் தொடுவான். மொய் நோட்டுப்படி அவன் காலம் முழுக்கக் கடனாளி. அப்படியானால் ஒரு கட்டத்தில் "போதும்டா, இனி உன் வழியைப் பார்த்துக்கோ" என்று நான் தண்ணீருக்குள் அவனை விட்டுவிட்டுப் போக நியாயம் வந்துவிடும். அப்படி ஒரு நியாயத்தை மனசு ஏற்கிறதா? ஏற்கவில்லை. அப்போ நம்ம கடமை மொய்யிலிருந்து வரவில்லை என்று அர்த்தம்.

பெருந்தன்மை

இரண்டாவது பதில்: இது தியாகம். நான் அவனுக்காக விட்டுக்கொடுத்தேன்.

இந்தப் பதில் எனக்கு இனிப்பாக இருக்கிறது. சிக்கலே அதுதான். நான் பெருந்தன்மைக்காரன் ஆகிவிட்டால், அவன் என் பெருந்தன்மையை வாங்கிக்கொண்டவன் ஆகிவிடுகிறான். "பரவாயில்லடா, உனக்காகத்தானே திரும்பினேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அன்பான வாக்கியம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டவன் அடுத்த தடவை என்ன செய்வான்? 120 வந்ததும் உடனே காட்ட மாட்டான். "இன்னும் கொஞ்சம் சமாளிப்போம், இவனை மறுபடியும் ஏமாத்த வேண்டாம்" என்று நினைப்பான். 110 ஆகும். 100 ஆகும். 20 மீட்டர் ஆழத்தில் ஒரு மனுஷன் வெட்கத்துக்காகக் காற்றை மறைக்க ஆரம்பிப்பான்.

அதாவது என் தியாகம் அவனைப் பொய் சொல்ல வைக்கிறது. நல்ல மனசோடு செய்த ஒரு காரியம் அவன் உயிருக்கே ஆபத்தாகத் திரும்புகிறது. ஒரு உதவி, வாங்கியவரை உண்மை சொல்லத் தயங்க வைத்தால் அந்த உதவியில் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு

மூன்றாவது பதிலுக்கு எனக்கு வழி காட்டியது குகை டைவர்களின் ஒரு விதி. குகைக்குள் நேராக மேலே வர முடியாது, தலைக்கு மேல் பாறை. ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை டைவர், விபத்துகள் ஏன் நடந்தன என்று ஒவ்வொன்றாக அலசி 1979-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் வலியுறுத்திய அடிப்படை விதிகளில் ஒன்று: காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, இன்னொரு பங்கு வெளியே வர. மூன்றாவது பங்கைத் தொடவே கூடாது.

அந்த மூன்றாவது பங்கு எதற்கு? வழியில் எனக்கு ஏதாவது ஆனால் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் இது: குகையின் கடைசி முனையில் நண்பனின் காற்று மொத்தமாகப் போய்விட்டால், இருவரும் வெளியே வருகிற வரைக்கும் அது வேண்டும். அந்தக் காற்றை நான் சுமக்கிறேன், நான் காசு கொடுத்து நிரப்பினேன், என் முதுகில்தான் கனக்கிறது. ஆனாலும் அது அவன் பங்கு.

திறந்த கடலில் எல்லோரும் மூன்றாகப் பிரிப்பதில்லை. ஆனால் யோசனை அதேதான். என் நெஞ்சுப் பக்கம் தொங்கும் அந்த மஞ்சள் வாய்க்குழாயை எடுத்துக்கோங்க. எனக்கென்று தனியாக ஒன்று வாயிலேயே இருக்கிறது. இது பெரும்பாலும் நண்பனுக்காக. மஞ்சளாக இருப்பதே பதற்றத்தில் அவன் கண்ணுக்கு உடனே தெரியணும் என்றுதான். அவன் கை எட்டுகிற இடத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.

இப்படிப் பார்த்தால் என் நண்பனின் "சாரி"க்குப் பதில் தெளிவாகிறது. கரையில் நின்று "நாம ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குறோம்" என்று சொன்ன அந்த நிமிடத்திலேயே, இரண்டு டேங்கும் ஒரே கையிருப்பு ஆகிவிட்டது. எந்தப் பக்கம் குறைவோ அங்கிருந்துதான் திட்டம் அளக்கப்பட்டது. அவன் 120 என்று காட்டியபோது என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால்தானே மன்னிப்பு? எடுக்காததற்கு எதுக்கு சாரி?

அப்போ நான் கரைக்குக் கொண்டுவந்த அந்த 85 பார் வீணா? வண்டியில் ஸ்டெப்னி டயர் ஓடவே இல்லை என்பதற்காக அதை வீண் என்று சொல்வோமா? அந்தக் காற்று 51 நிமிடமும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாங்கள் இருவரும் நிம்மதியாக மீன் பார்த்தோம்.

கல்யாணப் பத்திரிகை மேலேயும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் "துணை" என்று ஒரு வார்த்தை எழுதுவது நம் வழக்கம். அந்த வார்த்தையை நாம எப்பவும் கேட்கும் இடத்திலிருந்தே பார்க்கிறோம்: எனக்குத் துணை யாரு? கடல் அதைத் திருப்பிக் கேட்கிறது: நீ யாருக்குத் துணை? உன் டேங்கில் அவருக்குப் பங்கு வைத்திருக்கிறாயா?

சொல்லும் கடமை, கேட்கும் கடமை

இதிலிருந்து காற்று குறைந்தவருக்கு ஒரு கடமை வருகிறது. தன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்த்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். கையிருப்பு பொதுவானது என்றால், தன் கணக்கை மறைப்பது நண்பன் பங்கில் கை வைப்பது மாதிரி. "தொந்தரவு கொடுக்க வேண்டாம்னு நினைச்சேன்" என்பது பணிவு போலத் தெரியும். கடலில் அது இருவரையும் ஆபத்தில் தள்ளும்.

காற்று நிறைய இருப்பவருக்கு இரண்டு கடமை. ஒன்று, கேட்பது. அதையும் சரியாகக் கேட்பது. "ஓகேவா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓகே" என்றுதான் காட்டுவார்கள், கை தானாகவே வட்டம் போட்டுவிடும். "எவ்வளவு?" என்று கேட்டால் எண் சொல்லியாக வேண்டும். எண் கேட்கும் கேள்வியில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிட்டால், அவராக ஆரம்பிக்க வேண்டிய கூச்சமும் குறைகிறது.

இரண்டாவது கடமை இன்னும் கஷ்டம். பதில் வந்ததும் முகம் மாறாமல் இருப்பது. கண்ணாடிக்குள்ளே கண் மட்டும்தானே தெரியும், என்ன தெரிஞ்சிடப் போகுது என்று நினைக்கலாம். தெரியும்ங்க. திரும்புவதற்கு ஒரு வினாடி தயங்கினால் தெரியும். அந்த முனையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தால் தெரியும். எதிராளி உண்மை சொல்வதற்கான விலையை நாம்தான் நிர்ணயிக்கிறோம். விலை ஏறினால் உண்மை வருவது குறையும்.

இதுக்கு எல்லை இல்லையா?

ஒரு நியாயமான கேள்வி வரும். அப்படின்னா நண்பனுக்காக என்ன வேணா செய்யணுமா? இல்லை. கடலே இதற்கும் எல்லை போட்டிருக்கிறது.

மீட்புப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒரு ஆபத்தை இரண்டு ஆபத்தாக்காதே என்பது. உன் மூச்சு சீராக இருந்தால்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். காற்று கொடுக்கலாம், வழி காட்டலாம், சேர்ந்து மேலே வரலாம். அவரோடு சேர்ந்து மூழ்குவது எந்தப் பாடத்திலும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி, துணை காணாமல் போனால் என்ன செய்வது என்பது. சுற்றிலும் தேடணும், மேலேயும் கீழேயும் பார்க்கணும். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. அதற்குள் காணவில்லையென்றால் பத்திரமான வேகத்தில் மேலே போய்விடணும். முதலில் கேட்கும்போது இது கல் நெஞ்சு மாதிரி இருக்கும். ஒரு நிமிஷத்துல விட்டுட்டுப் போறதா? ஆனால் அவனும் இதே விதியைப் படித்தவன். அவனும் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வருவான். நான் கீழேயே தேடிக்கொண்டிருந்தால், மேலே வந்து நிற்கும் அவன் என்னைக் காணாமல் தவிப்பான். அங்கே "விடாமல் தேடுவேன்" என்று அடம் பிடிப்பதைவிட, சொன்ன வார்த்தைப்படி மேலே போவதுதான் அன்பு. அவன் வருவான் என்று நம்புவதும் அன்பு.

தனியாக இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதற்கென்று பயிற்சி எடுத்து, ரெகுலேட்டரோடு தனியாக இன்னொரு சின்ன டேங்க் சுமப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. யாரையும் நம்பவில்லை, யாரிடமும் நம்பு என்று சொல்லவும் இல்லை, நேர்மையான ஏற்பாடு. தப்பு எங்கே வருகிறது என்றால், ஜோடி என்று சொல்லி இறங்கிவிட்டு உள்ளே போனதும் தனி ஆளாக நீந்துவதில்தான். ஒருவர் போட்டோ எடுக்க ஒரு பக்கம், மற்றவர் மீன் பின்னால் ஒரு பக்கம். பேருக்கு ஜோடி, மஞ்சள் குழாய் இருபது அடி தள்ளி. நம்பு என்று சொல்லிவிட்டு, நம்பிக் கை நீட்டும்போது இல்லாமல் போவது தனியாகப் போவதைவிட மோசம்.

இன்னொன்று. தன் கேஜைப் பார்க்கவே பார்க்காத ஒருவர் திடீரென்று காற்று இல்லை என்று கழுத்தில் கை வைத்துச் சைகை காட்டினால்? கொடுத்துத்தான் ஆகணும். அந்த நேரத்தில் "ஏன்டா பார்க்கல?" என்ற கேள்விக்கு இடமில்லை. அந்தக் கேள்விக்குக் கரை இருக்கிறது. கரையில் உட்கார்ந்து பேசலாம். மறுபடியும் அதே மாதிரி நடந்தால் "இனி நாம சேர்ந்து இறங்க வேண்டாம்" என்று சொல்லவும் உரிமை உண்டு. கொடுக்கிறது தண்ணிக்குள்ளே, கேட்கிறது கரையிலே. இந்த வரிசை மாறக் கூடாது.

கரையிலே நம்ம வாழ்க்கை

கரையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இங்கே யார் கையிலும் கேஜ் இல்லை. நண்பனிடம் எவ்வளவு காற்று மிச்சம் என்று எண்ணாகத் தெரியாது.

ஒரு சாதாரண உதாரணம். அஞ்சு பேர் குரூப். கொடைக்கானல் போகலாம் என்று பேச்சு வருகிறது. ஒருத்தன் "நல்ல ரிசார்ட்டா போடலாம்" என்பான். இன்னொருத்தன் மட்டும் கடைசி வரைக்கும் எதுவும் சொல்ல மாட்டான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது "வீட்டுல ஒரு வேலை இருக்கு மச்சான், நீங்க போயிட்டு வாங்க" என்று செய்தி வரும். நாமும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்த மாதம் அவன் சம்பளம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அவன் டேங்க் காலி. சொன்னால் எல்லோருக்கும் டைவ் முடிந்துவிடும் என்று சொல்லாமல் விட்டான்.

அவன் சொல்லியிருக்கலாம். சரிதான். ஆனால் "ஓகேவா?" என்று குரூப்பில் பொதுவாகக் கேட்டோமே தவிர, "உனக்கு எவ்வளவு வரைக்கும் முடியும்?" என்று யாராவது தனியாகக் கேட்டோமா? அஞ்சு பேரும் சேர்ந்து போகிறோம் என்று முடிவு செய்தால், குறைவாக இருப்பவரின் அளவிலிருந்து திட்டத்தை ஆரம்பிக்கலாம். வசதியாகத்தான் போக வேண்டும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, முடிந்தவர்கள் மட்டும் இன்னொரு நாள் போகலாம். அதில் தப்பில்லை. நானும் அந்தக் கப்பலின் கடைசி முனையைப் பார்க்க ஆசைப்பட்டால், இன்னொரு நாள் அதற்கேற்ற துணையோடு இறங்கலாம். சேர்ந்து இறங்கிய அந்த 51 நிமிடத்துக்குத்தான் அந்த வாக்கு. வாழ்நாள் முழுக்க யாரும் யாருக்காகவும் ஆழத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்து இறங்கிய பிறகு, நடுக்கடலில் கணக்கை மாற்றக் கூடாது.

படிப்பில், வேலையில், வீட்டில் இதையே பார்க்கலாம். பரீட்சைக்கு ஒன்றாகப் படிக்கும் ரூம்மேட் மூன்று நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கலாம். அம்மா "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். இவர்கள் எல்லோரும் வட்டம் போட்டு ஓகே காட்டிக்கொண்டிருப்பவர்கள். எண் கேட்டால்தான் தெரியும்.

அதே மாதிரி, காற்று குறைந்த பக்கம் நீங்கள் இருந்தால், தயவுசெய்து 120-லேயே சொல்லுங்கள். 30-க்கு வந்த பிறகு சொன்னால் கூட இருப்பவருக்குச் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம். 120-ல் சொன்னால் சும்மா திரும்பி, மெதுவாக, பவளம் பார்த்துக்கொண்டே வரலாம். சீக்கிரம் சொல்கிறவர் சுமை ஆக மாட்டார். கூட வருகிறவருக்கு அவர் நேரம் கொடுக்கிறார்.

என் நண்பனிடம் இதையெல்லாம் பின்னால் ஒரு நாள் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் சொன்ன சாரியை வாபஸ் வாங்கிக்கிறேன்டா" என்றான். வாங்கிக்கொள்ளட்டும். அது எனக்கு வர வேண்டியதே இல்லை.

இதைப் படிச்சதும் ஒரு கட்டைவிரல் போட்டுட்டுப் போயிடாதீங்க. கொஞ்ச நாளா சத்தம் இல்லாம இருக்கிற ஒருத்தர் உங்க ஞாபகத்துக்கு வந்தா, இன்னைக்கே அவருக்கு ஒரு போன் பண்ணுங்க. "நல்லா இருக்கியா?"ன்னு மட்டும் கேட்டு வெச்சிடாதீங்க. "எவ்வளவு மிச்சம் இருக்கு?"ன்னு கேளுங்க. அவர் என்ன எண் சொன்னாலும், உங்க குரல் மாறாம இருக்கட்டும்.